இலை துடைத்த கை

மிருதுளா டீச்சர் தன் வகுப்பை எப்போதும் ஆஸ்பத்திரிக் கதையில்தான் தொடங்குவாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் சேலம் போகிற வழியில் ஒரு கடையில் தக்காளிச் சட்னியோடு நாலு இட்லி சாப்பிட்டது, டைபாய்டு வந்து இருபத்து மூன்று நாள் படுத்துக் கிடந்தது, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது, ஒரு கட்டத்தில் டாக்டர்களே கையை விரித்தது என்று வரிசையாகச் சொல்வாள். முடித்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் நிற்பாள். வகுப்பில் இருக்கும் பதினெட்டு இருபது பேரும் அவரவர் வயிற்றை ஒருமுறை தடவிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பாடம் சுலபமாக ஏறும்.

"கடையோட போர்டை நம்பாதீங்க. கூட்டத்தை நம்பாதீங்க. உங்க கண்ணு, மூக்கு, நாக்கு மூணையும் நம்பவே நம்பாதீங்க. கிருமிக்கு நிறமும் கெடையாது, வாசனையும் கெடையாது. நான் சாப்பிட்ட சட்னி நல்ல ருசியாத்தான் இருந்துச்சு" என்பாள். பிறகு இடது கையை உயர்த்தி, சுட்டுவிரலில் இருக்கும் சாம்பல் நிற மோதிரத்தைக் காட்டுவாள்.

அந்த மோதிரத்துக்குப் பெயர் முகர்வி. இரண்டாயிரத்து அறுபத்தொன்றில் ஈரோட்டில் முகர்வி இல்லாத விரல் அபூர்வம். தட்டிலோ இலையிலோ வைத்துப் பதினோரு விநாடி காத்திருந்தால் போதும். பழைய எண்ணெய், கெட்ட மாவு, வயிற்றுப்போக்குக் கிருமி, டைபாய்டுக் கிருமி என்று என்ன இருந்தாலும் மோதிரத்தின் சின்னக் கல் பச்சையாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ எரிந்து சொல்லிவிடும். எரிந்த நிறம் அந்தக் கணமே வாரியத்துக்குப் போய், அங்கிருந்து கடை வாசலில் மாட்டியிருக்கும் விளக்குக்கு வந்து சேரும். உணவு நம்பிக்கை வாரியம் என்று முழுப்பெயர். வாசலில் பச்சை எரிந்தால் ஜனங்கள் உள்ளே நுழைவார்கள். எரியாவிட்டால் எதிர்க்கடைக்குப் போவார்கள். அடுப்படியை எட்டிப் பார்க்கும் பழக்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது. எட்டிப் பார்ப்பவனை இப்போது பட்டிக்காட்டான் என்றுதான் நினைப்பார்கள்.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழை மோதிரத்துக்கும் அதே கதிதான். சாதாரண ஆள் ஒருவர் தொட்டுப் பார்த்தால் வாரியத்தில் அது ஒரு புள்ளி. சான்றிதழ் வாங்கிய ஆசிரியர் தொட்டுப் பார்த்தால் முந்நூறு புள்ளி. ஆகவே முந்நூறு பேருக்குப் பச்சை காட்டிய கடையாக இருந்தாலும், மிருதுளாவின் விரலில் சிவப்பு எரிந்தால் அன்றைக்கு வாசலிலும் சிவப்புத்தான். ஒரே வருஷத்தில் மூன்று முறை சிவப்பு வந்தால் கடைக்கு நிரந்தரமாகச் சீல் வைத்துவிடுவார்கள்.

வகுப்பு ஒவ்வொன்றும் ஏழு பாடம். இரண்டாவது பாடம், தொடுவதற்கு முன் கையைக் கழுவும் முறை. சோப்போ கிருமிநாசினியோ பட்டால் அந்த வாடையில் முகர்வி குழம்பிவிடும் என்பதால் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு உட்கார வேண்டும். ஏழாவது பாடம், வாழை இலை. அந்தப் பாடத்தை எழுதியவளே மிருதுளாதான். பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் அவள் கண்ட சிவப்பெல்லாம் இலை போடும் மெஸ்களில்தான். தட்டும் ஸ்பூனும் வைக்கும் கடைகளில் ஒன்றுகூட இல்லை. "இலை கண்ணுக்குக் குளிர்ச்சி, வயித்துக்குக் கேடு" என்று அவள் எழுதிய வரியை மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்லும். இலை மெஸ்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன.

புதன்கிழமை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, பாடம் முடிந்ததும் எழுந்து நின்றாள். அறுபது வயது இருக்கும். கையில் மோதிரம் இருந்தது. ஆனால் அதைத் தொட்டுப் பழகாதவள் போல அடிக்கடி திருகிக்கொண்டிருந்தாள்.

"எம்பேரு கோகிலவாணிங்க. பவானி ரோட்டுல வேலாயி மெஸ்ஸுங்க" என்றாள்.

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேலாயி மெஸ்ஸுக்கு அந்த வருஷம் இரண்டு சிவப்பு விழுந்திருந்தது எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை மதியம் அதே மெஸ்ஸில்தான் இந்த வகுப்பின் செய்முறைப் பாடம்.

"நீங்க கடைக்காரங்க. இது சாப்பிடுறவங்களுக்கான வகுப்பு" என்றாள் மிருதுளா.

"தெரியுமுங்க டீச்சர். சாப்படறவங்க என்னத்தப் பாத்துட்டு உள்ள வாராங்கன்னு தெரிஞ்சாத்தானுங்களே நான் அதுக்குத் தக்கன கடைய வெச்சுக்க முடியும்? ரெண்டு செவப்பும் நீங்க தொட்டதுதானுங்க. உங்க மேல கொற சொல்ல வரலீங்க. எது தப்புன்னு சொல்லிக் குடுத்தீங்கன்னா திருத்திக்குவேன்."

"கிருமி இருக்குன்னுதான் கருவி சொல்லும். எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்லாதுங்க."

"அதையத்தானுங்க நானுங் கேக்கறேன். எங்கேருந்து வந்துச்சு?"

பன்னிரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மிருதுளாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் கேட்டவள் சண்டைக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் புரியாத பிள்ளை போல நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே கடைக்கு வருவதாக மிருதுளா வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

வேலாயி மெஸ்ஸின் அடுப்படியில் அவள் அரைமணி நேரம் நின்றாள். முகர்வி வருவதற்கு முன்னால் ஆசிரியர்களுக்கென்று ஒரு பழைய பாடப் புத்தகம் இருந்தது. ஈரத்துணி எங்கே கிடக்கிறது பார், பரிமாறும் கையே காசையும் வாங்குகிறதா பார், பச்சைக் கறி நறுக்கும் பலகையில் வெங்காயமும் நறுக்குகிறார்களா பார், குழம்பிலிருந்து ஆவி வருகிறதா பார், முதலாளி அதே சட்டியில் சோறு போட்டுச் சாப்பிடுகிறாரா பார் என்று அதில் வரிசையாக இருக்கும். மிருதுளா அதைப் படித்துத்தான் தேர்வெழுதினாள். பிறகு வகுப்பில் ஒரு நகைச்சுவைக்காக மட்டும் அதை எடுத்துக் காட்டுவாள்.

இப்போது அவளை அறியாமலே கண்கள் அந்தப் பட்டியல்படி அலைந்தன. கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீர் கொதித்து ஆறியது. இலைக்கட்டு வந்ததும் மஞ்சள் தண்ணீரில் அலசி, நிழலில் சாய்த்து வைத்திருந்தார்கள். கோகிலவாணி பாதி சாப்பிட்டு வைத்த தட்டு அடுப்போரம் இருந்தது. அதில் கடையின் அதே கறிக்குழம்பு. பழைய புத்தகத்தை வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு நூறு போட வேண்டும். கண்ணை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன் கண் சொல்வதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மொத செவப்பு வந்தப்போ தண்ணித் தொட்டிய இடிச்சுப் புதுசாக் கட்டுனனுங்க" என்றாள் கோகிலவாணி. "எலைக்காரர மாத்துனேன். ரெண்டாவது வந்தப்போ மாத்தறதுக்கு வேற ஒண்ணும் இல்லீங்க. அப்பறம் எல்லாரும் சொன்னாங்க, சமையக்காரன் கைதான்னு. எலைய அலசி வெக்கறதும் அவன்தானுங்களே."

"யாரு சமையல்காரர்?"

"பூவரசன்னு பேருங்க. என்ற மாமியா இருந்த காலத்துல இருந்து, பதனாலு வருசம் இந்த அடுப்புல நின்னவன். ரெண்டு கையையும் நீட்டி, பாத்துக்குங்கக்கான்னான். பாத்து நான் என்னத்தக் கண்டேன்? கண்ண நம்பாதீங்கன்னு நீங்கதான் சொல்லிட்டீங்களே. அனுப்பிட்டனுங்க. செவப்பு விழுந்த கடைல வேலைய விட்டு நின்னவன்னு வாரியத்துப் பட்டியல்ல பேர் ஏறிப் போச்சு. வேற எந்தக் கடைலயும் சேத்துக்கல. இப்பச் சந்தைல ஜவுளி மூட்ட தூக்கறான்."

அவள் அழவில்லை. கரண்டியை எடுத்து அது தொங்க வேண்டிய ஆணியில் மாட்டினாள். பிறகு திரும்பிச் சொன்னாள்: "தெனமும் முந்நூறு பேர் வந்து தொட்டுப் பாக்கறாங்க. எல்லாம் பச்சதானுங்க. நீங்க வார அன்னைக்கு மட்டும் என்னமோ ஆயிப்போகுது. வெள்ளிக்கெழம மூணாவது செவப்பு வந்துச்சுன்னா கடை போச்சுங்க. எனக்கு வேற தொழில் தெரியாது."

வியாழக்கிழமை காலையில் மிருதுளா வாரியத்தின் பழுதுபார்க்கும் கூடத்துக்குப் போனாள். மாதாமாதம் அவள் முகர்வியைச் சரிபார்த்துத் தருகிற இருதயராஜ் அங்கே இருந்தான். திருச்சிக்காரன், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. நெற்றியில் ஒரு பூதக்கண்ணாடியும் வாயில் எப்போதும் ஒரு ஏலக்காயும் இருக்கும்.

"மோதிரத்துல ஒண்ணும் கோளாறு இல்ல மேடம்" என்றான், மூன்று முறை பார்த்துவிட்டு. "போன மாசமும் இல்ல. அதுக்கு முந்தின மாசமும் இல்ல."

"நான் இதுவரைக்கும் எடுத்த சிவப்பு எல்லாத்தையும் காட்ட முடியுமா?"

அவன் சுவரில் காட்டினான். நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள். அவற்றால் மூடிய கடைகள் பதினொன்று. எல்லாம் இலை மெஸ். அவளுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை, ஏழாவது பாடமே அதுதான். இருதயராஜ்தான் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதே கடைகள்ல வேற டீச்சருங்க தொட்ட கணக்கைப் போடறேன் பாருங்க" என்றான். சுவர் முழுக்கப் பச்சையானது. "உங்க பச்சையும் இருக்கு. ஒரே கடை, ஒரு மாசம் பச்சை, மறுமாசம் சிவப்பு. மேடம், தட்டு வைக்கிற கடையில தட்டை யாரு துடைச்சு வைப்பா?"

"சர்வர்."

"இலையை?"

மிருதுளாவின் வலது உள்ளங்கை தானாக மேசைமேல் ஒரு தடவு தடவியது. இலை போட்டால் யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. டம்ளரிலிருந்து தண்ணீரை இலைமேல் தெளித்து, வலது உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, நீரை ஓரத்துக்கு வழித்துவிடுவது. அதற்குப் பிறகுதான் மோதிரம். சாப்பிடுகிறவர் சாப்பிடப்போகும் நிலையில் இலையைத் தொட வேண்டும் என்பது வாரியத்தின் விதி. தட்டிலோ, கை படுவதற்கு முன்னாலேயே மோதிரம் பட்டுவிடும்.

"நீங்க டைபாய்டு வந்து பிழைச்ச கதையை எனக்கே நாலு தடவை சொல்லியிருக்கீங்க" என்றான் இருதயராஜ், குரலைத் தாழ்த்தி. "காய்ச்சல் போயிடும் மேடம். சில பேருக்குக் கிருமி மட்டும் பித்தப்பையில தங்கிடும்னு படிச்சிருக்கேன். வருஷக்கணக்கா இருக்குமாம். அவங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்காது. சில நாள் கைக்கு வரும், சில நாள் வராது. சோப்புப் போட்டுக் கழுவினாப் போயிடும். ஆனா நம்ம ரெண்டாவது பாடம் என்ன சொல்லுது?"

"வெறும் தண்ணி" என்றாள் மிருதுளா.

அவள் மோதிரத்தைத் தன் வலது உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கல் எரியவே இல்லை.

"அது பாக்காது மேடம். ஆரம்பத்துல கோர்ட்டுக்குப் போனாங்க, மனுஷனை மோதிரம் அளக்கக் கூடாதுன்னு. அதனால கல்லுல தோல் பட்டா கண்ணை மூடிக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கு. சோத்தையும் இலையையும் மட்டும்தான் பாக்கும்."

அவனுடைய மதியச் சாப்பாட்டு அடுக்கோடு மனைவி ஒரு வாழை இலையும் சுருட்டி வைத்திருந்தாள். அவன் அதை எடுத்துக் கத்தரியால் இரண்டாக நறுக்கி மேசைமேல் போட்டான். இங்கே எடுக்கிற அளவு வாரியத்துக்குப் போகாது என்றான். மிருதுளா ஒரு துண்டை அப்படியே தொட்டாள். பச்சை. இன்னொன்றில் தண்ணீர் தெளித்து, இத்தனை வருஷமாகச் செய்தது போலவே உள்ளங்கையால் வழித்துவிட்டுத் தொட்டாள். பதினோரு விநாடி. பிறகு சிவப்பு.

இருதயராஜ் நல்ல மனுஷன்தான். இருந்தாலும் அவன் கை, அவனுக்கே தெரியாமல், சாப்பாட்டு அடுக்கை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மிருதுளா அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. இருபத்து மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட இப்படித் தன் உடம்பை நினைத்து அவள் கூசியதில்லை. கணவர் போய் ஒன்பது வருஷமாகிறது, மகள் பூனாவில் இருக்கிறாள். வருஷக்கணக்கில் யாருக்கும் அவள் சமைத்துப் போடவில்லை. அந்த மட்டும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வேலாயி மெஸ்ஸா?" என்று கேட்டான் அவன்.

"ஆமா."

"இலையைத் துடைக்காமத் தொட்டுடுங்க. பச்சை வரும். கடை பிழைச்சுக்கும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பித்தப்பையை எடுத்துட்டு மாத்திரை சாப்பிடுங்க. யாருக்கும் தெரிய வேண்டியதில்ல மேடம். நான் சொல்ல மாட்டேன்."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்திருந்தது. வீடு போகும் வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாம்பும் சாகும், தடியும் உடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் பதினெட்டுப் பேரும் வேலாயி மெஸ்ஸில் மேசைகளைச் சுற்றி நின்றார்கள். நடுவில் மிருதுளா உட்கார்ந்தாள். கோகிலவாணியே இலை கொண்டுவந்து போட்டாள். இலை முதலில் கோணலாக விழுந்தது. டம்ளரில் தண்ணீர் வைத்தாள். மிருதுளாவின் வலது கை பழக்கத்தில் டம்ளர் வரைக்கும் போயிற்று. அதை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, இடது கையை நீட்டித் தண்ணீர் படாத இலையைத் தொட்டாள்.

பதினொன்று எண்ணி முடிப்பதற்குள் கோகிலவாணி கண்ணை மூடிவிட்டாள். யாரோ "பச்சை" என்றார்கள். வாசல் விளக்கும் பச்சையானது. மாணவர்கள் கைதட்டினார்கள், கோகிலவாணி வாசல்வரை போய் விளக்கைப் பார்த்துவிட்டு வந்தாள்.

காரியம் முடிந்தது. மிருதுளா மூச்சு விட்டாள். இனி எழுந்து போய்விடலாம்.

"அப்பப் பூவரசன்தானுங்க" என்றாள் கோகிலவாணி மெதுவாக. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன நாளும் மனசுக்குள்ள அறுத்துட்டே இருந்துச்சுங்க, பாவம் பண்ணிட்டனோன்னு. அவன அனுப்புனதும் பச்ச வந்துருச்சு பாருங்க. அவன் கைதான். டீச்சர் இல்லீனா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

மாணவர் ஒருவர் தலையாட்டிக்கொண்டே நோட்டில் குறித்துக்கொண்டார். சமையல்காரரை மாற்றியதும் பச்சை. பார்க்கப்போனால் நல்ல உதாரணம், அடுத்த வகுப்பில் சொல்லலாம். மிருதுளா அந்தப் பேனாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேற்றுவரை பூவரசன் மேல் இருந்தது வெறும் சந்தேகம். இன்று அவள் கையை மடியில் வைத்துக்கொண்டதால் அது நிரூபணமாகிவிட்டது.

"இந்த இலையை எடுத்துக்கறேன் அக்கா. எல்லாரும் கொஞ்சம் வெளியே வாங்க" என்றாள்.

கடைக்குள் தொட்டால் கடைக்கணக்கில் ஏறும். அதனால் ரோட்டைக் கடந்து எதிரே இருந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பதினெட்டுப் பேரும் கோகிலவாணியும், என்ன வேடிக்கை என்று இன்னும் நாலைந்து பேரும் பின்னால் வந்தார்கள். கல் பெஞ்சில் இலையை விரித்தாள். கொண்டுவந்த டம்ளர் தண்ணீரைத் தெளித்தாள். பாதி இலையை மட்டும் உள்ளங்கையால் வழித்துவிட்டாள். துடைக்காத பாதியைத் தொட்டாள். பச்சை. துடைத்த பாதியைத் தொட்டாள். வெயிலில் நன்றாகத் தெரியட்டும் என்று கையை உயர்த்திப் பிடித்தாள். சிவப்பு.

"பூவரசன் கை இல்லீங்க. என் கை" என்றாள்.

ஆஸ்பத்திரிக் கதையை அவள் மறுபடியும் சொன்னாள். இந்த முறை பித்தப்பைவரை சொன்னாள். நாற்பத்தொரு சிவப்பையும், பதினோரு கடையையும், ஏழாவது பாடத்தையும் சொன்னாள். எங்கும் நிறுத்தி யார் முகத்தையும் பார்க்கவில்லை. சொல்லி முடித்ததும் யாரும் வயிற்றைத் தடவவில்லை. மெதுவாக அவளைச் சுற்றி ஒரு வட்டம் அகன்றது. பக்கத்தில் நின்றிருந்தவர்கள் தங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

கோகிலவாணி மட்டும் நகரவில்லை. அவள் முகத்தில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை. "பதனாலு வருசமுங்க" என்றாள். பிறகு ரோட்டைக் கடந்து கடைக்குள் போய்விட்டாள்.

வாரியத்தின் விளக்கு வரைபடத்தில் அந்தப் பஸ் நிறுத்தம் ஒரு வாரம் சிவப்பாகவே இருந்தது. பவானி ரோட்டு ஜனங்கள் அந்த வாரம் முழுக்க வெயிலில் நின்றே பஸ் ஏறினார்கள்.

வாரியம் நாலு நாளில் மிருதுளாவின் சான்றிதழை ரத்து செய்தது. அவள் மோதிரம் முந்நூறு புள்ளியிலிருந்து ஒரு புள்ளிக்கு வந்தது. ஆனால் நாற்பத்தொரு சிவப்பும் அப்படியே நின்றன. அந்தந்தத் தேதியில் தகுதியுள்ளவர் எடுத்த அளவுகள் என்பதால் அவை செல்லும் என்று கடிதம் வந்தது. அதே நியாயத்தில் வேலாயி மெஸ்ஸின் பச்சையும் செல்லுபடியாயிற்று. இரண்டாவது பாடத்தில் சோப்பைச் சேர்ப்பது பற்றி ஆராய ஒரு குழு போட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பித்தப்பையை எடுத்துவிட்டுத் திரும்பியதும் மிருதுளா மூடிய பதினோரு கடைக்காரர்களையும் ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். இரண்டு பேர் ஊரிலேயே இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் ஒருவர், கடை இருந்த இடத்தில் பேட்டரி விற்றுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, சரிங்க என்று மட்டும் சொன்னார். இன்னொரு வீட்டில் கதவையே திறக்கவில்லை. எல்லோரிடமும் சொன்ன பிறகும் அவளுக்கு மனசு லேசாகவில்லை. ஆகும் என்று நினைத்துத்தான் போனாள்.

கோகிலவாணி சந்தைக்குப் போனாளாம். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த பூவரசன் அவளைப் பார்த்தும் பார்க்காதது போலக் கடைசி மூட்டைவரை இறக்கினானாம். அதுவரைக்கும் அவள் வெயிலில் நின்றாளாம். பிறகு அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அடுப்பு யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டானாம். இதையெல்லாம் மிருதுளாவுக்குச் சொன்னது இருதயராஜ். அவன் இப்போது வேலாயி மெஸ்ஸில்தான் மதியம் சாப்பிடுகிறான்.

ஏழு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் மூன்று பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு, மிருதுளா ஒரு மதியம் அங்கே போனாள். வாசலில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்காமல் அடுப்படி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். கவிழ்த்த பாத்திரங்கள். தனிப் பலகை. குழம்பிலிருந்து ஆவி. அடுப்பு முன்னால் ஐம்பது வயசு மதிக்கத்தக்க ஒரு ஆள், மூட்டை தூக்கித் தடித்த தோள்களோடு, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். இரண்டு பேர் அவளைப் பட்டிக்காட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓரத்து மேசையில் உட்கார்ந்தாள். மோதிரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டாள். கோகிலவாணி அவளைப் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே திரும்பி என்னவோ சொன்னாள்.

இலையைக் கொண்டுவந்தது பூவரசன். அவளுக்கு அதுவரை அவன் முகம் தெரியாது. அவனுக்கு அவளைத் தெரிந்திருந்தது. அவன் இலையை நேராக விரித்தான். தண்ணீர் வைக்கவில்லை. உப்பு வைக்கிற இடத்தில், இலையின் இடது ஓரத்தில், ஒரு சின்னச் சோப்புத் துண்டை வைத்தான்.

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மிருதுளா சோப்பைப் பார்த்தாள். என் உடம்பில் இப்போது ஒன்றும் இல்லை, காகிதம் இருக்கிறது, காட்டட்டுமா என்று கேட்க நினைத்தாள். அவனும் ஒருநாள் இதே கடையில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றவன்தானே. அவள் காகிதத்தை எடுக்கவில்லை.

சோப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று நிதானமாகக் கழுவினாள். எத்தனை நேரம் ஆயிற்றென்று எண்ணவில்லை.

திரும்பி வந்தபோது பழைய இலையை எடுத்துவிட்டுப் புது இலை போட்டிருந்தது. பூவரசன் அதில் தண்ணீர் தெளித்து, தன் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, நீரை ஓரத்துக்கு வழித்துவிட்டான்.

"உக்காருங்க" என்றான். "சோறு சூடா இருக்குது."